துரு எடுக்கிறவன்

என் கோபக்காரிக்கு,

உன் நாடி சீராகிவிட்டதாம், நர்ஸ் சொன்னார். வார்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னைப் போல டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் உடம்பில் துருப்பிடிக்கிற மாதிரி ஆகும் என்று டாக்டர் அன்று சொன்னாரே, துரு என்றதும் இரும்பு கேட் செய்கிற எனக்கு எல்லாம் தெரிந்த நினைப்பு வந்துவிட்டது. ஆரஞ்சுச் சாறு அதை எடுக்கும் என்று எவனோ சொன்னதை நம்பி, தினமும் உனக்குப் பிழிந்து கொடுத்தேன். அது உன் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத பொட்டாசியத்தை ரத்தத்தில் ஏற்றி உன் இதயத்தையே தடுமாற வைத்துவிட்டது.

"யாரும்மா ஜூஸ் குடுத்தது?" என்று டாக்டர் சீறினார்.

"நாக்கு கேக்கல டாக்டர், நானேதான் திருட்டுத்தனமா குடிச்சேன்" என்று நீ ஏச்சு வாங்கிக்கொண்டாய். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

உனக்கு ஆரஞ்சு வாசனையே ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாய், நான் கொடுத்தேன் என்பதற்காக.

வாயிருந்தும் ஊமையான
உன் வீட்டுக்காரன்