காய் பழுக்கும் வரை காத்திருந்தவளுக்கு

ஆண்டு விழாவுக்காக இன்று காலை பள்ளிக்கூடத்துப் பழைய திரைச்சீலைகளை வெளியே எடுத்துப் போட்டார்கள். மடிப்பைப் பிரித்ததும் அந்துருண்டை வாசனை குப்பென்று வந்தது. மற்ற ஆசிரியைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். எனக்குக் கால் நகரவில்லை. கொஞ்ச நேரம் நான் இப்போது வேலை பார்க்கும் இந்தத் திண்டிவனத்திலேயே இல்லை. செஞ்சியில், பஜார் தெருவுக்குப் பின்னால், நாம் இருவரும் சேர்ந்து வாடகைக்கு இருந்தோமே, அந்த மாடி அறையில் இருந்தேன்.

உன் புடவை, தலையணை, கை எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். காய வைத்த செடிகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க அறை முழுக்க அந்துருண்டையை உருட்டி விட்டிருந்தாய். "ரசத்துல கூட இந்த நாத்தம் வருதுடி" என்று நான் சண்டைக்கு வந்தால், "வயித்துல பூச்சி இருந்தா செத்துடும், குடி" என்பாய்.

ஒரே ஆண்டில்தான் செஞ்சிப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் ஓவிய ஆசிரியை, நீ அறிவியல். தாவரவியல் படித்துப் பெரிய பட்டம் வாங்கியவள் எதற்கு இந்த ஊருக்கு வந்து எட்டாம் வகுப்புக்கு மகரந்தச் சேர்க்கை நடத்துகிறாள் என்று எல்லோருக்கும் ஆச்சரியம். ஒருநாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே எனக்கு மட்டும் சொன்னாய். ஆராய்ச்சிக்கு இடம் கேட்டுப் போனபோது சென்னையில் ஒரு பேராசிரியர் உட்கார வைத்துப் பக்குவமாகச் சொன்னாராம்: "நாளைக்குக் கல்யாணம் ஆனா விட்டுட்டுப் போயிடுவீங்க. இந்த இடத்த ஒரு பையனுக்குக் குடுத்தா அவன் குடும்பம் பொழைக்கும்."

"நீ இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"சரின்னுட்டு வந்துட்டேன். செடி இன்னா அவர் காலேஜுக்குள்ள மட்டுமா மொளைக்குது?"

அவ்வளவுதான். கத்தி நிற்கவே இல்லை. ஆனால் அன்று நறுக்கிய காயில் பாதியை நாரோடு போட்டிருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை மலைகளில் ஏறினோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் நாம் உட்காராத பாறை இல்லை. நீ செடிகளைத் தேடினாய், நான் வரைந்தேன். ஊரில் இரண்டு பெண்கள் குடையும் பழைய பேப்பர் கட்டுமாக மலைக்குப் போவதைப் பார்த்துப் புதையல் தேடுவதாகப் பேசிக்கொண்டார்கள். என் படங்களைப் பார்த்து நீ முதலில் முகம் சுளித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அழகு பண்ணாதடி. பூச்சி கடிச்ச எலைன்னா கடிச்ச மாதிரியே போடு. பாக்கறவனுக்கு செடி தெரியணும், நீ தெரியக் கூடாது." கோபம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் நான் வரைய ஆரம்பித்தேன் என்று தோன்றுகிறது.

ஏறும்போது உனக்கு மூச்சு வாங்கும். உதட்டில் லேசாக நீலம் படரும். பாறையில் உட்கார்ந்து லென்ஸை எடுத்துப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு புல்லைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்வாய். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சலில் கிடந்தபோதே அது இதயத்தில் குறையை வைத்துவிட்டுப் போயிருந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம் உன் நைனா அதை மறைக்காமல் சொன்னார். அவர்கள் திரும்பி வரவில்லை. அவர் காலமான பிறகு வல்லத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு உன் அம்மாவும் அண்ணனும் இருந்தார்கள்.

உன் அம்மாவை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு பயம் கலந்த மரியாதை வருகிறது. வேர்க்கடலையும் அரிசியும் சுமந்துகொண்டு பஸ்ஸில் வருவார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். கிழங்கு வீட்டுக்குள் வரக்கூடாது. தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கக்கூடாது. சமணக் குடும்பத்தின் அந்த ஒழுங்கெல்லாம் உனக்கும் பழக்கம்தான். செடி விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துவரவே இல்லை.

"எறும்ப மிதிச்சிடக் கூடாதுன்னு பாத்து நடக்கறோம். நீ இன்னாடான்னா உசிரோட இருக்கறதப் புடுங்கி, கல்ல வெச்சி அமுக்கிக் காயப்போடற. அதுவும் ஜீவன்தானே?"

"பாக்காம மிதிச்சிட்டுப் போறதவிட பாத்துட்டுப் பறிக்கறது பாவம் கம்மிம்மா."

"இந்தப் பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்று அவர் எழுந்து போய்விடுவார். எங்கே போகிறார் என்று பார்த்தால், உன் செடிக்கட்டுகளை வெயிலில் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பார்.

இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காகப் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த அந்தத் தை மாதத்தில்தான் அதைப் பார்த்தாய். கிருஷ்ணகிரிக்கு ஏறும் வழியில், படியை விட்டு விலகி, பாறைச் சரிவில் நீர் கசிந்துகொண்டிருந்த இடம். விரல் உயரம்கூட இல்லாத செடி. ஊசி போன்ற தண்டு, அதன் நுனியில் ஒரு நீலப் பூ. நான் தாண்டிப் போய்விட்டேன். நீ முழங்காலிட்டு உட்கார்ந்தாய். பிறகு வயிற்றை ஈரத்தில் வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டாய். நெடுநேரம் அசையவே இல்லை. மயங்கிவிட்டாயோ என்று பயந்து உன் தோளைத் தொட்டேன்.

"இது எனக்குத் தெரியாதுடி" என்றாய்.

உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அதன் உறவுச் செடிகள் எல்லாவற்றையும் உனக்குத் தெரியும். இதன் பூக்குழாய்க்குள் மயிர் இருந்தது, மற்றவற்றில் இல்லை. காய வைத்த செடியையும் என் படத்தையும் சென்னையில் ஒரு தாவர ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினாய். அடுத்த மழைக்காலம் முடியும்போது அங்கிருந்து ஓர் ஆய்வாளர் நேரிலேயே வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை போட்ட, மென்மையாகப் பேசுகிற மனிதர். நீயே அவரை அழைத்துக்கொண்டு மேலே போனாய். பூத்திருந்தது. அவரும் உன்னைப் போலவே ஈரப் பாறையில் படுத்துப் பார்த்தார். அதைப் பார்த்ததும் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

"புதுசா இருக்கலாம்மா. ஆனா பூவ மட்டும் வெச்சி சொல்ல முடியாது. பழுத்த காயும் விதையும் வேணும். அது கெடைச்சா சேர்ந்தே எழுதலாம்" என்றார்.

அன்று முதல் உன் பேச்செல்லாம் காயைப் பற்றித்தான். கடுகைவிடச் சிறிய காய். பழுத்ததும் வெடித்து விதை காற்றில் போய்விடும். ஒருநாள் முந்தினால் பிஞ்சு; ஒருநாள் பிந்தினால் வெறும் தோல். அதைப் பார்க்கத்தான் தையில் தனியாகக் கிளம்பிப் போனாய். பாதி வழியில் நீ விழுந்து கிடந்ததை ஆடு மேய்க்கும் பெண்கள் பார்த்து, தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நீ எழுந்து உட்கார்ந்தபோது பாறை காய்ந்துவிட்டிருந்தது. நான் போய்ப் பார்த்தேன். செடி இருந்த சுவடே இல்லை.

இதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். உன் அண்ணன் உடனே வேலூருக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். நீதான் தள்ளிப் போட்டாய்.

"இந்த ஒரு மழை வரட்டும். காய் பழுக்கட்டும். அப்புறம் எங்க வேணா கூட்டிட்டுப் போங்க."

"நான் போய்ப் பறிச்சிட்டு வரேன். நீ போய்ப் படு" என்று கத்தினேன்.

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். "மயக்கம் குடுத்து மாரத் தொறப்பாங்களாம். கண்ணு முழிக்கலைன்னா? அது புதுசா இல்லையான்னு தெரியாமலே போயிடுவேனேடி."



அந்த ஆண்டு மழை பெய்யவில்லை. ஐப்பசி வெயில் சித்திரை போல அடித்தது. ரேஷன் கடையில் பெண்கள் வானத்தைத் திட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குச் சோற்றுக் கவலை. நீயும் தினமும் மாடிப்படியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தாய். மேகம் கூடும், கலையும். கார்த்திகையும் போனது. கிருஷ்ணகிரிப் பாறை வெறும் கல்லாகக் கிடந்தது. மார்கழியில் ஒருநாள், "சரி, வேலூருக்கு எழுதச் சொல்லு" என்றாய். வைகாசியில் தேதி கொடுத்தார்கள்.

கோடை விடுமுறைக்கு உன்னை ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"அடுத்த மழைக்கு என்ன மேல கூட்டிட்டுப் போவியா?"

"டோலி கட்டித் தூக்கிட்டுப் போறேன், போதுமா?"

"தூக்கறவங்க செடிய மிதிச்சிடப் போறாங்க" என்றாய். சிரித்தாய், சிரிப்பு இருமலாகிவிட்டது. பஸ் கிளம்பியது.

சித்திரை முடியும் முன்பே ஒருநாள் மத்தியானம் உன் அண்ணன் வந்து வாசலில் நின்றார். செருப்புப் போடாமல் வந்திருந்தார். "தங்கச்சி போயிடுச்சிங்க டீச்சர். சாப்ட்டு படுத்துச்சி. எழுப்பப் போனா..." என்றார். நான் போய்ச் சேர்வதற்குள் உன்னை எடுத்துவிடுவார்களோ என்று பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். எடுத்துவிட்டிருந்தார்கள். கழுவிவிட்ட ஈரத் தரையில் உன் அம்மா உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னைப் பார்த்து, "சாப்டியா?" என்று கேட்டார். நான்தான் தரையில் விழுந்து அழுதேன்.

அந்த ஆண்டு மழை கொட்டியது. உன்னிடம் சொல்லவே மனம் கூசுகிறது, அப்படிக் கொட்டியது. ஏரிகள் நிரம்பின. பாறையெல்லாம் வழிந்தது. தையில் உன் அம்மா பஸ் ஏறி வந்து என் முன்னால் நின்றார்.

"அந்தச் செடி இருக்கற எடத்த காட்டு கண்ணு."

அந்த வயதில், ஒவ்வொரு படியாகக் குனிந்து பார்த்து மிதித்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பாறைச் சரிவு முழுக்க நீலமாக இருந்தது. நீ ஒருநாளும் பார்க்காத அளவுக்குப் பூத்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். "இத்தினியூண்டு பூவுக்கா" என்றார். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பூ உதிர்ந்து காய் பழுக்கும்வரை ஊருக்குத் திரும்பவில்லை. நம் அறையில் தங்கி, என்னோடு காலையில் மலைக்கு வந்தார். காய் மஞ்சளித்த நாளில் நான் பறிக்கக் கையை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பறிக்காத. அதுவா குடுக்கட்டும்."

மடித்த வெள்ளைத் தாளைச் செடிக்குக் கீழே பிடித்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். கை மரத்துப்போனது. வெயில் ஏறியது. காய் ஒன்று தானாக வெடித்தது. சத்தமே இல்லை. தாளில் தூசி போல விதை விழுந்தது. அதற்குப் பின் ஒன்று, இன்னொன்று. சில நாளில் செடியும் வாடிக் காய்ந்தது. அதை அவர் விரலால் தொட்டுப் பார்த்து, "இப்ப இதுல உசிரு இல்ல. எடுத்துக்க" என்றார்.

விதையையும் காய்ந்த செடியையும் சென்னைக்கு, அந்த ஆய்வாளருக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. போன ஆண்டு ஓவியத் தேர்வு வேலையாகச் சென்னை போனபோது அவரைத் தேடிப் போனேன். மரியாதையாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அலமாரியைத் திறந்து, காய்ந்த செடி ஒட்டிய ஓர் அட்டையை எடுத்து வைத்தார். அதே செடி. சேகரித்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயர். அச்சில் வந்த கட்டுரையிலும் அவர் பெயர் மட்டும்தான். பக்கத்தில் என் படம். ஓரத்தில் இருந்த என் கையெழுத்தை வெட்டியிருந்தார்கள். அது எனக்கு வலிக்கவில்லை. உன் பெயரை மேலும் கீழும் தேடினேன்.

"அவங்க தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். இல்லாதவங்க பேர எப்படிப் போடறது? கடைசியில நன்றி சொல்லியிருக்கேன், பாருங்க" என்றார். பார்த்தேன். உள்ளூர் ஆசிரியை ஒருவர் உதவினார் என்று ஒரு வரி இருந்தது.

"இந்தச் செடியக் கண்டுபிடிச்சதே அவதான் சார். உங்கள மேல கூட்டிட்டுப் போனதும் அவதான்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உண்மைதான்மா" என்றார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

எழுந்து வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிக் கேட்டேன். "புதுசுதானா சார்?"

"சந்தேகமே இல்ல. உலகத்துல வேற எங்கயும் இல்லாதது. அந்த விதை வந்தப்புறம்தான் உறுதியாச்சு."

நேராக உன் ஊருக்குப் போனேன். பெயர் வராததைச் சொன்னால் உன் அம்மா உடைந்துபோவார் என்று பஸ் முழுக்க வார்த்தைகளைத் தேடினேன். களத்தில் கடலை உலர்த்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் விஷயத்தைக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை.

"அப்ப அது புதுசுதானா?"

"ஆமாம்மா."

"அவ சொன்னது சரிதானா?"

"சரிதாம்மா."

கையில் இருந்த கடலை கீழே கொட்டியது. "அது அவளுக்குத் தெரியாமப் போச்சே, கண்ணு" என்றார். உன்னை எடுத்த அன்று அழாதவர் அன்று அழுதார். வாய்விட்டு, முழுக் களத்துக்கும் கேட்க அழுதார்.

எத்தனையோ பேர் எத்தனையோ ஆறுதல் சொல்லிவிட்டார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்கிறார்கள். காலம் ஆற்றும் என்கிறார்கள். உன் அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் எந்த ஆறுதலாலும் தொட முடியவில்லை. வகுப்பில் நிற்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அது என்னோடுதான் வருகிறது. இந்த மடல் உன்னிடம் வந்து சேராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் யாராவது உனக்குச் சொல்ல வேண்டாமா?

நீ சொன்னது சரிடி. அது புதுசுதான்.