‘இருக்கட்டும்’ என்றால் வேண்டுமா, வேண்டாமா

ஹிகாஷி ஒசாகா
மார்ச் 9

அன்புள்ள கென்சுகேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. வான்கூவரில் நீயும் ஒரு குறையுமில்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், ஆனால் நீ அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டிப்போய்த் தெரிகிறது, அது விளக்கு வெளிச்சமா, நேரத்துக்குச் சாப்பிடாததா என்று நீதான் சொல்ல வேண்டும். மூன்று மின்னஞ்சல் போட்டு ஒரே கேள்வி கேட்டிருக்கிறாய், ஆபீசில் போன் எடுக்கும் ஹமசாகி அம்மாவை இந்த மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நிறுத்திவிடலாமா, ஆமாம் இல்லை என்று ஒரு வரி போதும் என்று. அந்த ஒரு வரிதான் எனக்கு வரவில்லை. நாலு நாளாகச் சாப்பாட்டுக் கடையின் சமையற்கூடத்துக்கும் ஆபீசுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன், உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது. அப்பா, "ஒரு இடத்துல நில்லேன், எனக்குத் தலை சுத்துது" என்கிறார்.

உங்கள் கம்பெனி இயந்திரத்தை நான் குறை சொல்வதாக நினைக்காதே. புத்தாண்டுக்கு வந்தபோது நீ பொருத்திவிட்டுப் போனதிலிருந்து காலை எட்டரைக்கு அதுவே பட்டறை பட்டறையாகப் போன் போட்டு இன்றைக்கு எத்தனை சாப்பாடு என்று கேட்டுவிடுகிறது. மழை நாளில் எவ்வளவு குறையும் என்று அது சொல்லும் கணக்கு தப்புவதில்லை, மிஞ்சிய சோற்றைக் கொட்டுவது பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. பட்டறைகளை மட்டும் நம்பியிருந்தோம், ஒன்று மூடினால் அந்த மாதம் கையைக் கடிக்கும், இப்போது மாதச் சந்தா என்று நாற்பது வீடுகள் சேர்ந்திருக்கின்றன. ஆரம்பத்தில் முறைத்துக்கொண்டிருந்த அப்பாவே காலையில் திரையைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறார். இயந்திரத்துக்கு இளம்பெண் குரல் இல்லையா, ஹமசாகி அம்மா அதற்கு என் மருமகள் என்றே பெயர் வைத்துவிட்டார். "முதலாளியம்மா, உங்க மருமக இன்னிக்கு ரொம்பக் குழையுறா, மாமியார் இருக்கிற பயம்தான்" என்பார். பத்தொன்பது வருஷம் தான் எடுத்த போனை இன்னொருத்தி எடுப்பதை இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்கிறாரே என்று எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் உறுத்தல்.

போன மாதம் பதினைந்தாம் தேதி நடந்ததை உனக்கு ஒரு வரியில் எழுதினேன், நீயும் சின்னப் பிழை, சரிசெய்கிறோம் என்று ஒரு வரியில் முடித்துவிட்டாய். முழுவதையும் கேள். முலாம் பூசும் பட்டறை நடத்தும் ஹிரோசேவுக்கு, வீடும் அங்கேதானே, வழக்கமாக இருபத்தி நாலு சாப்பாடு. அன்று காலை இயந்திரம், வழக்கம்போல் இருபத்தி நாலு வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறது, அவர் "இருக்கட்டும்மா" என்று சொல்லிப் போனை வைத்திருக்கிறார். வேண்டும் என்பதற்கும் இருக்கட்டும்தான், வேண்டாம் என்பதற்கும் இருக்கட்டும்தான், நம் ஊரில் முகத்தில் அடித்தாற்போல் வேண்டாம் என்று யார் சொல்கிறார்கள்? இயந்திரம் வேண்டும் என்று எழுதிக்கொண்டது. ஹிரோசேயின் அப்பா முந்தின நாள் இறந்திருக்கிறார். மாதம் ஒன்றும் பதினைந்தும் நல்ல நாள் என்பதால் பெட்டியில் நாம் வைத்தது விசேஷத்துக்குச் செய்யும், செம்பயறு போட்ட சிவப்புச் சோறு. சாவு வீட்டு வாசலில் இருபத்தி நாலு பெட்டி கல்யாணச் சோறு, மேலே 'இன்று நல்ல நாள்' என்ற சீட்டு வேறு.

துக்கத்துக்குப் போடும் கறுப்பு உடை போட்டுக்கொண்டு நான்தான் போய்க் குனிந்து நின்றேன். ஹிரோசே ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "அப்பாவுக்கு உங்க சிவப்புச் சோறுன்னா உசுரு, போற வழிக்கு அனுப்பிச்சிட்டீங்கன்னு நினைச்சுக்கிறேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் நிம்மதியாக வீடு வந்து சேர்ந்திருப்பேன்.

மறுநாள் ஹமசாகி அம்மா தானாகவே, பதிவான பேச்சையெல்லாம் எனக்குப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டார். மூன்று நாள், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றரை மாதத்தில் நூற்றுப் பதினோரு இருக்கட்டும். ஒவ்வொன்றையும் கேட்டு, இது வேண்டும், இது வேண்டாம், இது சாப்பாடு வேண்டும் ஆனால் எண்ணிக்கை யோசிக்கிறார், இது ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று நோட்டு நிறைய எழுதினார். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொன்னால் வேண்டாமாம், கடைசி எழுத்தை இழுத்தால் சங்கடமாம். அந்த நோட்டைத்தான் உங்களுக்கு அனுப்பினேன். பத்தே நாளில் உன் இயந்திரம் தேறிவிட்டது, போன வாரம் முழுக்க ஒரு தப்பு இல்லை. உங்கள் ஆட்கள் நன்றி என்று இரண்டு சொல் அனுப்பியிருந்தார்கள், அதிலும் யாருக்கு என்று பெயரில்லை.

அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தன் வேலைக்குத் தானே குழி வெட்டிக்கொள்கிறாரே, பாவம், ஒன்றும் தெரியவில்லையே என்று தேநீர் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போனேன். "இவ்வளவு விவரமா எதுக்கு, போதுமே" என்றேன். "அரைகுறையாக் கத்துக்குடுத்தா நாளைக்கு இன்னொரு சாவு வீட்டுல போய் நிக்கும், நம்ம கடைக்குத்தானே கெட்ட பேரு" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். நம்ம கடை என்றார். நான் தேநீரை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அவரை வேலையிலிருந்து விடுவிக்கும் கடிதம் என்று நீ அனுப்பினாயே, அதைப் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதியே அச்செடுத்து, முத்திரையும் வைத்து, உறையை ஒட்டாமல் என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். கொடுக்கத் தைரியம் வரவில்லை. இன்று காலை கிழித்துப்போடலாம் என்று எடுத்தேன். ஹமசாகி என்ற பெயரின் கடைசிச் சித்திர எழுத்தை அவர் வீட்டில் பழைய முறையில்தான் எழுதுவார்கள், கணினி எப்போதும் எல்லோருக்கும் போடும் புது வடிவத்தைப் போட்டுவிடும், இந்தக் கடிதத்திலும் அப்படித்தான் இருந்தது. அதன்மேல் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் சரியான எழுத்து. வெளியே போகிற எந்தக் கடிதத்தையும் சரிபார்த்துத் திருத்தி ஓரத்தில் தேதி போடுவது அவர் வழக்கம், தபால்தலை எடுக்க அந்த இழுப்பறையைத்தான் திறப்பார். போட்டிருந்த தேதி பிப்ரவரி 13.

ஹிரோசே வீட்டுக்குப் பெட்டி போவதற்கு இரண்டு நாள் முன்பே அவருக்குத் தெரியும். தெரிந்துதான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார்.

நீ கேட்ட ஒரு வரி இதுதான், அவரை நிறுத்த மாட்டேன். இயந்திரமும் இருக்கும், அவரும் இருப்பார். அப்படியானால் அவருக்கு என்ன வேலை என்று கேட்பாய், எனக்கும் இன்னும் தெரியவில்லை, அதைக் கண்டுபிடிப்பது நம் பொறுப்பு, அவர் தலையில் கட்டாதே. உன்னிடம் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் முத்திரை வைத்தது என் கை. வெட்கமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலை நனைந்தபடி வெளியே போகாதே. நீ தொட்டதெல்லாம் நன்றாக வரவேண்டும், உன்னால் யாரும் தலைகுனியாமல் இருக்கவேண்டும் என்று அப்பாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை, இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சில் எழுத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டு, உன் கையால் அவருக்கு நாலு வரி எழுது. பெயரைத் தப்பாக எழுதிவிடாதே.

உன் அம்மா
சிசுரு