மாப்பிள்ளை வாசனை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு உனக்கு மாமாவாகிப்போன நான் எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கூடத் தங்கியிருப்பவனின் சோப்பைத் தொடாமல் நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளாக பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காருவதில்லை. கால் கடுக்க நின்று வருவார்கள், உட்காரமாட்டார்கள். தலை நரைத்துவிட்டது, மரியாதை கொடுக்கிறார்கள் என்று நானும் காலை அகட்டி உட்கார்ந்து வந்தேன். கடைசியில் கண்டக்டர்தான், என்ன அண்ணே டீசல் டேங்குலயா குளிச்சீங்க என்று கேட்டான். சட்டையை முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உன் அக்காவைக் கேட்டால், ரொம்ப நாளா அப்படித்தான் நாறுறீங்க, சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன் என்கிறாள்.

என் மூக்கு செத்துவிட்டது மச்சான். அந்தச் செத்த மூக்கை நம்பித்தான் உன் மனையில் மண் கொட்டினேன். போனில் சொன்னால் நீ நடுவில் ஏதாவது பேசுவாய், நானும் சிரித்து மழுப்பிவிடுவேன். அதனால்தான் அஞ்சாவது தாண்டாதவன் பேனா பிடித்திருக்கிறேன்.

எண்ணெய்க் கிடங்கில் பூமிக்குள் இருந்த டேங்க் ஓட்டையாகி டீசல் மண்ணுக்குள் இறங்கியதும், அதைச் சுத்தம் பண்ணும் இடத்தில் நான் மண் அள்ளும் மெஷின் ஓட்டுவதும் உனக்குத் தெரியும். கெட்ட மண்ணைத் தோண்டி, பிளாஸ்டிக் விரிப்பில் பரப்பி, எரு போட்டு, தண்ணீர் தெளித்து, வாராவாரம் புரட்டிப் போடுவோம். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் எண்ணெயைத் தின்னுமாம். உன் அக்கா சமையலுக்கும் நாலு பூச்சி கொடுங்கள் என்று என்ஜினியர் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். தின்று முடித்ததா என்று மண்ணைச் சோதனைக்கு அனுப்புவார். நல்லது என்று பதில் வந்த குவியலில்தான் பச்சைக் கொடி நடுவார்.

பள்ளமாய்க் கிடக்கும் உன் மனையை மேடாக்க நீ நல்ல மண் கேட்டாய். கொடி நடாத ஒரு குவியல் பார்க்க அழகாக இருந்தது. ஒரு பிடி அள்ளி முகர்ந்தேன், ஒரு வாடையும் இல்லை. எப்படியும் கொடி நடத்தானே போகிறார்கள் என்று யாரையும் கேட்காமல் டிப்பர் லாரியில் ஏற்றிவிட்டேன். உனக்கு மலையடிவாரத்து மண் என்று போனில் மெசேஜ் போட்டேன். தங்கமான மாமா என்று நீ எழுதிய பதிலை டீக்கடையில் நாலு பேருக்குப் படிக்கக் கொடுத்தேன்.

உன் மனைக்கும் அத்தை வீட்டுக் கிணற்றுக்கும் நடுவில் ஒரு வேலிதான். மண் கொட்டிய கொஞ்ச நாளில் அத்தை, உன்னைப் பெத்த மகராசி, என் வீட்டுக்குப் போன் போட்டு, மாப்பிள்ளை இந்தப் பக்கம் வந்தாரா, வாசனை வந்துச்சே, வீட்டுக்குள்ள வராமலே போயிட்டாரே என்று உன் அக்காவிடம் குறைப்பட்டார்கள். நான் போகவே இல்லை. ஒரு பெருமழைக்குப் பிறகு மறுபடி போன். இந்தத் தடவை கிணற்று வாளிக்குள்ளிருந்து மாப்பிள்ளை வாசனை வருதாம். உன் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பியவன் தெருமுனையைத் தாண்டவில்லை, சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடுமே, உன் முகத்தில் எப்படி முழிப்பது என்று மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நாளைக் கடத்தினேன். அந்த நாட்களில் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டுவார்கள். தாகமில்லை என்பேன். என் மேல என்ன கோவம் மாப்பிள்ளை என்று கேட்டுவிட்டு, அந்தத் தண்ணீரை வீணாக்காமல் அவர்களே குடித்தார்கள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் மச்சான்.

தாங்காமல் ஒருநாள் என்ஜினியர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன். கிணறு எவ்வளவு தூரம், யார் குடிக்கிறார்கள், இவ்வளவுதான் கேட்டார். அன்று சாயங்காலமே கிணற்றுக்கு மூடி போட்டார்கள். தண்ணீரில் எண்ணெய் இருக்கிறது, கொஞ்சம்தான் என்று சோதனையில் வந்தது. அத்தையைப் பார்த்த டாக்டர் இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆனால் மாதாமாதம் வந்து காட்டச் சொல்லுங்கள் என்றார். கிணற்றை இறைத்துக் கரியில் வடிகட்டுகிறார்கள். மண்ணைச் சீக்கிரம் அள்ளிவிடலாம், அடித்தண்ணீர் நம்ம அவசரத்துக்குச் சுத்தமாகாது என்கிறார் என்ஜினியர் அம்மா. குடிக்க, தெருக் குழாயிலிருந்து உன் மனை வழியாக அத்தை வீட்டுக்குப் புதுக் குழாய் இழுத்திருக்கிறார்கள். உன் வீட்டு வேலையை இந்த வருஷம் மறந்துவிடு. கொட்டிய மண்ணை நானேதான் மெஷினில் திரும்ப அள்ளுகிறேன். என்னை வேலையில் வைத்துக்கொள்வதா என்று இந்த மண்ணை அள்ளி முடித்தபிறகு சொல்வார்களாம்.

அத்தைக்கு இன்னும் உண்மை தெரியாது. கிடங்கு எண்ணெய் பூமிக்குள்ளேயே நடந்து வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். எவனோ செஞ்ச பாவத்துக்கு என் மாப்பிள்ளை வெயில்ல வேகுறாரே என்று தெருவெல்லாம் சொல்லி, மெஷின் பக்கத்தில் குடையோடு வந்து நிற்கிறார்கள். அடித்தால்கூட ஆறிவிடும், அந்தக் குடை ஆறவில்லை.

நானே சொல்லிவிடுகிறேன். சொன்னபிறகு அத்தை உனக்குப் போன் போட்டு அழுதால், மாமா வேணும்னு செய்யலம்மா என்று எனக்காகப் பேசிவிடாதே. அவர்கள் பக்கம் நில். அத்தைக்கு ஒன்றும் ஆகக்கூடாது, நீ நன்றாக இருக்க வேண்டும். இதற்கு மேல் வேண்டிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரன்

பின்குறிப்பு: இதை உன் மனையில் மெஷினில் உட்கார்ந்துதான் எழுதினேன். முடிக்கும்போது அத்தை வேலியோரம் வந்தார்கள். இப்போதே சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். எஞ்சினை அணைக்கவில்லை. முழங்கை லீவரில் பட்டு, மண் அள்ளும் பக்கெட் இறங்கி, அந்தப் புதுக் குழாயை வெட்டிவிட்டது. நல்ல தண்ணீர் மனையெல்லாம் ஓடுகிறது. அத்தை குடத்தோடு நிற்கிறார்கள். நான் இன்னும் இறங்கவில்லை.