வாள்மீனைச் செய்தது ஆர், அத்தான்?

அன்புக்கும் பகிடிக்கும் ஒரே அளவில ஆளான யோகன் அத்தானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருசம் முடியுது. நினைவு மலர் அடிக்கிறம். அட்டையில உங்கட நீலச் சேர்ட் படம், அக்காதான் தெரிஞ்சு எடுத்தவ. உள்ளுக்குத் தேவாரம், வம்சாவளி, பேரப்பிள்ளையள் எழுதின ரெண்டு வரி. அதுக்குப் பிறகு எங்கட தமிழ்ச் சங்கத் தலைவரின்ர கட்டுரை வரவேண்டியது. அது வராது. அந்தப் பக்கத்தைத்தான் நான் பிடிச்சிருக்கிறன்.

தலைவர் என்ன எழுதி அனுப்பினவர் தெரியுமோ? தலைப்பைக் கேளுங்கோ: “நானும் யோகனும் செய்த போர்விமானம்”. நானும்! பிளேனின்ர முன்பக்கம் எது, பின்பக்கம் எது எண்டு உங்களிட்ட ரெண்டு தரம் கேட்ட மனுசன். சிரிப்பு வரேல்லை அத்தான்.

இதை வாசிக்கிற சனத்துக்கும் விளங்கவேணும். அதால உங்களுக்குத் தெரிஞ்சதையே திருப்பிச் சொல்லுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ. கம்பியூட்டரில பிளேன் ஓட்டுற விளையாட்டு ஒண்டு இருக்கு, ஃபிளைட் சிமுலேட்டர் எண்டு. அதில இல்லாத ஒரு பிளேனை ஆரும் தாங்களாச் செய்து உள்ளுக்குச் சேர்க்கலாம். பென்சன் எடுத்த படவரைஞர் நீங்கள் சேர்த்தது, ரெண்டாம் உலக யுத்தத்தில வெள்ளைக்காரன்ர கடற்படை வைச்சிருந்த ஒரு பிளேன். வாள்மீன் எண்டு பேர். இறக்கையெண்டு மேலயும் கீழயுமா ரெண்டு செட்டை, அதுக்குத் துணி போர்வை, வயித்துக்குக் கீழ கப்பலை உடைக்கிற ஒரு டோர்ப்பிடோ. கப்பலில இடம் காணாதெண்டு செட்டையைப் பின்னுக்கு மடிச்சும் வைக்கலாம். அந்த நேரம் திருகோணமலையிலயும் நிண்ட சாமான்.

“உலகத்தில இதைவிட வேகமா ஓடுற பிளேன் ஒண்டும் கிடைக்கேல்லையோ?” எண்டு அக்கா கேட்டா.

“வேகமானதை எல்லாரும் செய்வினம். இதை ஆர் செய்யிறது?” எண்டு சொல்லிப்போட்டு நீங்கள் திரும்பவும் செட்டைக்குக் கோடு கீறத் தொடங்கினியள். மூண்டு வருசம் கீறினியள். கண்டிக்குக் கிட்ட எங்கட அம்பிட்டிய வீட்டில கறன்ட் போனால் மட்டும்தான் உங்கட முகத்தை நாங்கள் கண்டது.

எஞ்சின் சத்தத்துக்கு எங்க போறது? புசல்லாவையில ஒரு தேயிலைத் தொழிற்சாலையில பழைய எஞ்சின் ஒண்டு கிடக்குதெண்டு ஆரோ சொல்ல, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினியள். கசெட் றெக்கோடரை எஞ்சினுக்குப் பக்கத்தில பிடிச்சுக்கொண்டு நிண்டது ஆர்? நான். தலைமயிரெல்லாம் தேயிலைத் தூசி. “கண்டிக்காரங்க பைத்தியமா என்ன?” எண்டு அங்க வேலை செய்த பிள்ளையள் எங்களுக்குக் கேக்கத்தக்கதாகவே கதைச்சுச் சிரிச்சாளவை. தலைவர் அண்டைக்கு எங்க இருந்தவர்? பேராதனையில தன்ர விறாந்தையில இருந்து பேப்பர் வாசிச்சிருப்பார்.

பிறகு வந்தது அந்தக் காலம். வடக்கில இருந்து புலி இயக்கத்தின்ர சின்னப் பிளேன் கொழும்புக்கு மேல வந்திட்டுப் போச்சு. பிளேன் எண்ட சொல்லையே கண்டித் தமிழர் விழுங்கிக்கொண்டு திரிஞ்சினம். நீங்களோ சிங்கள முதலாளியின்ர கடையில பருப்பு வாங்கப் போய், ஆள் நிறைய நிக்கேக்க, உங்கட அருமையான சிங்களத்தில மார்தட்டினியள்: “மம ப்ளேன் எகக் ஹதனவா.” நான் ஒரு பிளேன் செய்யிறன். அதோட விட்டியளோ? கேட்டவனுக்கு “நேவி ப்ளேன்” எண்டும் விளக்கம் குடுத்தியளாம். கம்பியூட்டர் எண்ட ஒரு சொல்லு, அத்தான், அந்த ஒரு சொல்லை முன்னால போட்டிருக்கக்கூடாதோ?

பகல் உலையில அரிசி போட்ட நேரம் பொலிஸ் வந்துது. பிளேனை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறாய் எண்டு கோழிக்கூடு வரைக்கும் தேடினாங்கள். கம்பியூட்டர், நீங்கள் கீறின செட்டைப் படங்கள், எஞ்சின் இரையிற கசெட், எல்லாத்தையும் ஏத்தினாங்கள். கடைசியா உங்களையும் ஏத்தினாங்கள்.

ஸ்டேசனில அக்காவுக்குச் சொன்னது ஒரே ஒரு காரியம். ஊரில மதிப்பான ஆள் ஒருத்தர் வந்து, இது விளையாட்டுச் சாமான், இவரை எனக்குத் தெரியும் எண்டு சொல்லட்டும். நாங்கள் யோசிக்கவே இல்லை, ஓட்டோ பிடிச்சு நேர பேராதனைக்குத் தலைவரிட்டப் போனம். எண்பத்துமூண்டுக் கலவரத்தில கண்டிக் கடையள் எரியேக்க ஒரே லொறியில உங்களோட அகதி முகாமுக்கு வந்த சிநேகிதரெல்லோ? முந்தின கிழமை எங்கட வீட்டில வடை திண்டுகொண்டு உங்கட வாள்மீனைக் கப்பலில இருந்து கிளப்பப் பார்த்தவரெல்லோ?

கேற்றைத் திறக்கேல்லை அத்தான். கம்பிக்கு அங்கால நிண்டு கதைச்சார்.

“எந்தப் பிளேன், பிள்ளை? எனக்கு ஒண்டும் தெரியாதே.”

“ஐயா, நீங்களும் ஓட்டினனீங்கள்தானே?” எண்டு கேட்டன்.

“எனக்குக் கம்பியூட்டர் பழக்கமில்லை. யோகனோடயும் எனக்குப் பெரிய பழக்கமில்லை. கண்ட இடத்தில சுகம் விசாரிக்கிறதுதான்.”

அக்கா கையெடுத்துக் கும்பிட்டா. என்ர அக்கா, ஒருத்தருக்கும் தலை குனியாதவ, றோட்டில நிண்டு கும்பிட்டா. அவர் உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்தினார். தூ! அந்தக் கேற்றைத் தாண்டிப் பஸ் போகேக்க இண்டைக்கும் நான் மற்றப் பக்கம் திரும்பித்தான் இருக்கிறன்.

உங்களை விட்டது எங்கட பெரிய மனுசர் ஆரும் இல்லை. ஸ்டேசனில ஒரு இன்ஸ்பெக்டர் கம்பியூட்டரைப் போட்டுத் தானே ஓட்டிப் பார்த்து, ஓட்டின ஒவ்வொரு முறையும் கடலுக்க விழுந்த பிறகுதான் இது விளையாட்டெண்டு அவைக்கு விளங்கினது. நாட்டைக் காப்பாத்துற மூளையள்! ஏத்தின சாமானெல்லாம் திருப்பித் தந்தாங்கள், ஆனா வீட்டுக்கு வந்த உங்களுக்கு வலக்காது கேக்கேல்லை. அதுக்கு என்ன நடந்ததெண்டு நான் இஞ்ச எழுதமாட்டன். அச்சகக்காரருக்கும் பிள்ளையள் இருக்கு.

பிளேன் முடிஞ்சிருந்தது, சத்தம் மட்டும் முடியேல்லை. எவ்வளவு தூரத்தில எவ்வளவு இரையவேணும், இறங்கேக்க எப்பிடித் தணியவேணும் எண்டு பிடிக்க உங்கட ஒத்தைக் காதால ஏலாமல் போச்சு. “நீ கேட்டுச் சொல்லு” எண்டு என்னைப் பக்கத்தில இருத்தினியள். கூடிப்போச்சு அத்தான், குறையுங்கோ. இப்ப காணாது, கூட்டுங்கோ. நான் அந்தப் பக்கக் காதுக்குச் சொல்லுறதும், நீங்கள் கேளாமல் முகத்தைத் திருப்புறதும், நான் எழும்பி இடப்பக்கம் வந்து திருப்பிச் சொல்லுறதும். ஒருநாள் முகத்தைத் திருப்பின நீங்கள் திருப்பினபடியே அழுதியள். நானும் அழுதன். அக்காவுக்கு நாங்கள் சொல்லேல்லை.

சத்தம் சரிவந்து வாள்மீனை இன்டர்நெட்டில போட்ட பிறகு, இங்கிலாந்தில ஒரு கிழவர், யுத்தத்தில தான் கேட்ட சத்தம் அச்சொட்டா இதுதான் எண்டு எழுதினார். அது புசல்லாவைத் தேயிலை மெசின் எண்டு அந்தாளுக்கு ஆர் சொல்லுறது?

இதுக்குள்ள தலைவர் திரும்பவும் வந்துபோகத் தொடங்கினார். உங்களுக்கு ஆபத்தில்லை எண்டு தெரிஞ்ச பிறகு வந்த வரத்து அது. நீங்கள் எழும்பிக் கதிரை குடுத்தியள். “தலைவருக்குத் தேத்தண்ணி போடு” எண்டு என்னட்டச் சொன்னியள். உங்களில எனக்குக் கோவம் வந்தது அண்டைக்குத்தான். ஏன் அத்தான் ஒரு கேள்வி கேக்கேல்லை? அவர் உங்கட கேளாத காதுப்பக்கம் இருந்து அரை மணித்தியாலம் அரசியல் கதைச்சார். நீங்கள் தலையாட்டினியள். கேட்டுத்தான் ஆட்டினியளோ?

இப்ப கட்டுரையில தலைவர் எழுதியிருக்கிற வசனத்தைக் கேளுங்கோ: “அந்த விமானத்தின் ஒலியை நானும் யோகனும் அருகருகே அமர்ந்து செவிகூர்ந்து சீர்செய்த மாலைகள் மறக்க முடியாதவை.” செவிகூர்ந்து! உடன போன் எடுத்துக் கேட்டன்.

“பிள்ளை, செத்த மனுசனைப் பற்றி நல்லதாத்தானே எழுதினனான்?” எண்டார்.

“நல்லதாத்தான் எழுதியிருக்கிறியள் ஐயா. ஆனா ஆரைப் பற்றி? உங்களுக்கு அவரோட பெரிய பழக்கமில்லையே” எண்டன். போனை வைச்சிட்டார்.

அக்கா “விடடி, காலம் சரியில்லை, அந்தாள் சங்கத்தில பெரிய ஆள்” எண்டா. நான் கட்டுரையை அவவின்ர கையில குடுத்து அந்த வசனத்தைக் காட்டினன். வாசிச்சா. அந்த மாலையளில உங்களுக்குப் பக்கத்தில ஆர் இருந்ததெண்டு அவவுக்குத் தெரியும். கட்டுரையை மடிச்சு என்னட்டத் திருப்பித் தந்து, “அந்தப் பக்கத்தை நீ எழுது” எண்டா.

அதுதான் எழுதிறன். ஆனா எனக்கு ஒரு குறை இருக்கு. கண்டி ஆஸ்பத்திரிக் கட்டிலில வைச்சு என்ர கையைப் பிடிச்சு நீங்கள் ஒரு சத்தியம் வாங்கினியள். “கேற்றுக் கதையை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. அவரும் பயந்த மனுசன்.” பயந்ததை நான் மன்னிச்சிருப்பன் அத்தான், அண்டைக்கு ஆர்தான் பயப்படேல்லை? பயந்த இடத்திலயே நிண்டிருக்கலாம் அந்தாள். நீங்கள் கேளாத காதோட இருந்த கதிரைக்குப் பக்கத்தில தன்ர கதிரையைக் கொண்டுவந்து போட்டாரே, அதைத்தான் என்னால தாங்க ஏலாமல் கிடக்கு.

அந்தச் சத்தியத்தை இந்தப் பக்கத்தோட மீறிப்போட்டன். பதிலுக்குப் புதுசா ஒண்டு தாறன்: நான் உயிரோட இருக்கும் வரைக்கும் வாள்மீனில உங்கட பேருக்குப் பக்கத்தில வேற ஒரு பேரும் வராது, என்ர பேரும் வராது. பழையதை மீறினதுக்குக் கோவமெண்டால் வந்து ஏசுங்கோ அத்தான். வாசலில நிண்டெண்டாலும் ஏசுங்கோ. ஒரு சொல்லுத் திருப்பிக் கதைக்காமல் கேட்டுக்கொண்டு இருப்பன்.

உங்கட மனிசியின்ர தங்கச்சி,
உங்கட மச்சாள்
பவா