உன் மகள் எங்களைத் தேடி வந்தாள்

சான் ரமோன்,
மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி ஃபிரெடிக்கு,

அக்கா ரெபெக்கா எழுதுகிறேன். அப்பாவும் நானும் என் வீட்டுக்காரரான உன் மாமா ரெனிஷும் கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறோம். டெக்ஸாஸில் நீயும் சாரதாவும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டுமென்று ஜெபிக்கிறோம். உறையின் மேல் ‘க்ரிஷ்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். உன் வீட்டில் யாரும் அதைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். உள்ளே எழுதும்போது அம்மா வைத்த பெயர்தான் கைக்கு வருகிறது.

பயப்படாதே. இது துக்கச் செய்தி சொல்லும் கடிதம் இல்லை. அம்மா தவறியபோது உனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தவித்தேன். அப்போது உன் முகவரி எங்களிடம் இல்லை. இப்போது இருக்கிறது. கொடுத்தவள் உன் மகள்.

சென்ற அக்டோபரில் எங்கள் தமிழ்ச் சபையில் அறுப்பின் பண்டிகை நடந்தது. இங்கே ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்துகிறோம். பூசணிக்காயை ஏலம் விட்டு, பிரியாணி பரிமாறி, நம் ஊர் மாதிரியேதான் செய்வோம். ஒவ்வொரு வருஷமும் அப்பா எழுதி மெட்டுப் போட்ட அறுப்புப் பாட்டை நான் பாடுவேன். ராணிப்பேட்டையில் நம் காலனி சபையைத் தவிர வேறெங்கும் யாருக்கும் அது தெரியாது. இங்கே அதைக் கொண்டு வந்தவள் நான்தான். அன்று பாடி முடித்து இறங்கியதும் ஒரு பெண் ஓடி வந்தாள். எங்கள் சபைக்கு வரும் நிருஜா என்ற யாழ்ப்பாணப் பெண்ணின் ரூம்மேட்டாம். சான் ஹோசேயில் காலேஜ் கடைசி வருஷம் படிக்கிறாளாம். பிரியாணிக்காகத்தான் வந்தேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு, “ஆன்ட்டி, இந்த சாங் எங்க டாடி ஷேவ் பண்றப்போ ஹம் பண்ணுவார். இது சர்ச் சாங்கா?” என்று கேட்டாள்.

அவளுடைய அப்பா பெயரைக் கேட்டேன். க்ரிஷ் என்றாள். சொந்த ஊரைக் கேட்டேன். சென்னை, அப்பா பக்கத்தில் எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்றாள். நான் அவள் நெற்றியைப் பார்த்தேன், ஃபிரெடி. அம்மாவின் நெற்றி. அந்த நடு வகிட்டுச் சுழி கூட அப்படியே இருக்கிறது. நல்ல பாட்டும்மா என்று சொல்லி, அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி பிரியாணி வைத்தேன். உன் வீட்டை உன் அனுமதி இல்லாமல் நான் திறக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். உன் மாமாவிடம் மட்டும் சொன்னேன். அப்பாவிடம் கூடச் சொல்லவில்லை.

அந்தக் கதவை அவளே திறந்துகொண்டு வந்தாள். அந்த செமஸ்டரில் அவள் எடுத்திருந்த வகுப்பு கறுப்பின அமெரிக்கர்களின் இலக்கியம். அதில் ஒரு வகைக் கதைகள் உண்டாம். தோல் வெளுப்பாகப் பிறந்த கறுப்பர்கள் வீட்டையும் பெயரையும் விட்டுவிட்டு, வெள்ளைக்காரர்களோடு வெள்ளைக்காரர்களாகவே வாழப் போய்விடுகிற கதைகள். அப்படிப் போகிறவர்கள் புது ஊரில் சொல்லும் முதல் பொய், எனக்கு யாருமில்லை, எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்பதுதானாம். அதைப் படித்ததும் அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாளாம். வீட்டில் அப்பா பக்கத்துப் போட்டோ ஒன்றுகூட ஏன் இல்லை, பார்ட்டியில் யாராவது உங்கள் பூர்விகம் எது என்று கேட்டால் டாடி ஏன் உடனே கிரிக்கெட் பற்றிப் பேசுகிறார் என்பதெல்லாம் அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டதாம். அந்தப் பாட்டு என் அப்பா எழுதியது, எங்கள் ஊர் சபையைத் தவிர வேறெங்கும் தெரியாதது என்று நிருஜாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் என் நினைவு வந்ததாம்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. “ஆன்ட்டி, நீங்க எனக்கு அத்தையா?” என்று கேட்டாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஆமாம்மா என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். உன் மாமா ஸ்டவ்வில் பாலை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றதில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

பிறகு அவளை அப்பாவின் அறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அப்பாவுக்கு இப்போது காது மந்தம். காதருகே குனிந்து, இது நம் ஃபிரெடியின் மகள் என்றேன். அப்பா அழவில்லை. அவள் தலைமேல் இரண்டு கையையும் வைத்து ரொம்ப நேரம் எடுக்கவேயில்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “குளிர் காலத்துல அவனுக்கு இன்னும் மூச்சு இழுக்குதா?” என்றார். இப்போது இன்ஹேலர் இருக்கிறது தாத்தா, டாடி நன்றாக இருக்கிறார் என்று அவள் சொன்னாள். அன்று மத்தியானம் அப்பா இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தம்பி, நீ ஏன் போனாய் என்று எனக்குத் தெரியும். சென்னையில் உன் ஹாஸ்டல் ரூமில் உன் டம்ளரை மட்டும் தனியாக வைத்தார்கள். மார்க் வாங்கினால் கோட்டா என்றார்கள். அமெரிக்கா வந்ததும், நீ ஒன்றும் சொல்லாமலே ரூமில் இருந்தவர்கள் உன்னைத் தங்கள் சாதி ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். நீ மறுக்கவில்லை. ஒரு முறை மறுக்காமல் விட்டால் அப்புறம் ஒவ்வொரு நாளும் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். “அக்கா, இனிமே போன் பண்ணாத” என்று நீ சொன்ன அன்று உன் குரல் நடுங்கியது எனக்கு மட்டும் கேட்டது. அன்றிலிருந்து இன்றுவரை உன்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அந்தப் பொய்க்குக் காவல் இருப்பதே உனக்குப் பெரிய வேலையாக இருக்குமே என்று கவலைதான் வந்தது.

நான் வேறு வழியில் வந்தேன். டயாலிசிஸ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பர்த்டே பார்ட்டியில் ஓர் ஆன்ட்டி, நீங்க எந்த ஆளுங்க என்று சுற்றி வளைத்துக் கேட்டார். முதுகில் தட்டிக்கொடுப்பதுபோல் உன் மாமாவின் தோளைத் தடவிப் பூணூல் தேடியவர் அவருடைய கணவர். நான் காலனி பெயரோடு சாதியையும் சேர்த்தே சொன்னேன். அதன்பின் சில வீடுகளிலிருந்து அழைப்பு நின்றது. நிற்காத வீடுகளும் இருந்தன. அவர்களோடுதான் இன்றுவரை பொங்கலும் கிறிஸ்துமஸும் கொண்டாடுகிறோம். இந்த ஊரில் தலைகுனிந்து நான் ஒரு நாளும் நடந்ததில்லை.

டிசம்பரில் உன் மகள் அஞ்சனா தன் வகுப்பில் பேச வேண்டியிருந்தது. எங்களையும் வரச் சொன்னாள். அரைநாள் லீவு போட்டு, அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்து 680 ஃப்ரீவேயில் சான் ஹோசேக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அப்பா வெள்ளைச் சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டார். பின் வரிசையில் உட்கார்ந்தோம்.

உன் மகள் எப்படிப் பேசினாள் என்று நீ கேட்டிருக்க வேண்டும். முதலில் அந்த நாவல்களைப் பற்றிச் சொன்னாள். அங்கே ஆளைக் கண்டுபிடிக்கத் தோலையும் நகக்கண்ணையும் பார்க்கிறார்கள், எங்கள் மக்கள் பெயரையும் தெருவையும் தட்டில் இருக்கும் சாப்பாட்டையும் பார்க்கிறார்கள் என்றாள். இரண்டும் ஒன்றில்லை, அடிமைச் சந்தையில் விற்கப்பட்டவர்களின் கதையை நான் இரவல் வாங்கி உடுத்திக்கொள்ள மாட்டேன், ஆனால் அந்தக் கதைதான் என் வீட்டைப் பார்க்க எனக்குக் கண் கொடுத்தது என்றாள். கடைசியில் சொன்னாள்: நான் ஒரு தலித் குடும்பத்தின் பேத்தி. மறைக்காமல் வாழ்ந்த அத்தை ஒருத்தி எனக்கு இருக்கிறாள். மறைத்து வாழ்ந்த ஒருவர் என்னை வளர்த்தார். என் சளிக்கும் காய்ச்சலுக்கும் இரவெல்லாம் தூங்காதவர் அவர். இவர்களில் ஒருவரைப் பற்றியும் எனக்கு வெட்கம் இல்லை. இப்படிச் சொன்னாள், தம்பி. உன் பெயரையோ ஊரையோ அவள் சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமை டாடிக்குத்தான் என்று எங்களிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

அவர்களுடைய பேராசிரியர் ஒரு கறுப்பினப் பெண்மணி. அவருடைய பாட்டியின் தங்கையும் அப்படிப் போனவராம். ஒரு நாள் பஸ்ஸில் பெற்ற தாயே எதிரில் உட்கார்ந்திருந்தும் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட்டாராம். வகுப்பு முடிந்ததும் அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, போனவர்களைப் பற்றித்தான் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன, வீட்டில் இருந்த நீங்கள் போனவரின் பெயரை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் அப்பாவின் காதில் தமிழில் சொன்னேன். “சாப்பாட்டு ஜெபத்துல ரெண்டு புள்ளைங்க பேரும் வரும். ஒரு வேளை கூட ஒரு பேரை விட்டதில்ல” என்றார் அப்பா. அதை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் அப்பா, நம்ம புள்ள எப்படிப் பேசிச்சு பாத்தியா என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆங்கிலம் பாதி புரியவில்லை, காதும் கேட்கவில்லை. இருந்தாலும் பெருமையில் ஒன்றும் குறையவில்லை.

இப்போது நான் எழுத வந்த விஷயம். மே மாதம் அவளுக்குப் பட்டமளிப்பு. உனக்கும் சாரதாவுக்கும் டிக்கெட் அனுப்பியிருப்பாள். அப்பாவுக்கும் எனக்கும் அதே வரிசையில் இடம் வாங்கியிருக்கிறாள். அதை உன்னிடம் தான் சொல்லாமல் என்னை எழுதச் சொன்னாள். சாரதாவிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. அம்மா ரொம்ப நல்லவங்க, டாடியே சொன்னா தாங்கிப்பாங்க என்கிறாள். அதற்கு உனக்கு இரண்டு மாதம் இருக்கிறது. நீ வராவிட்டாலும் இந்த வீட்டு ஜெபத்தில் உன் பெயர் குறையப் போவதில்லை. மன்னிப்பு, விளக்கம் எதையும் இங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. மேடைக்கு வரும்போது தங்கள் பெயரை எப்படி வாசிக்க வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேட்கிறார்களாம். அவள் ‘அஞ்சனா சத்தியசீலன்’ என்று கொடுத்திருக்கிறாள். மைக்கில் சத்தியசீலன் என்று தன் பெயர் வரும்போது உட்கார்ந்திருக்க மாட்டேன், எழுந்து நிற்பேன் என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார். முழங்கால் வலி அவருக்கு. ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்வேன். மறு பக்கம் பிடிக்க ஆள் வேண்டும், தம்பி.

கர்த்தர் உன்னையும் சாரதாவையும் தம் கையில் வைத்துக் காக்கட்டும்.

என்றும் உன் அக்கா,
ரெபெக்கா சத்தியசீலன்