இறக்காத சீனி

வியாழக்கிழமை. ஐப்பசி, 1974.

இன்று காலை சீனிக் கப்பல் புறப்பட்டுப் போய்விட்டது. ஒரு மூட்டைகூட இறக்கவில்லை.

அது துறைமுகத்துக்கு வந்த அன்று பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவிடம் நான்தான் சொன்னேன். கூப்பன் கடையில் பங்கீட்டுச் சீனியைக் கண்டு மாதக் கணக்காகிறது. துறைமுகக் கந்தோரில் கணக்கு எழுதும் கிளாக்கர் நான் சொன்னால் சனம் நம்பும்தானே. அன்று பின்னேரமே எங்கள் லிங்கநகரில் பாதிப்பேர் என் வீட்டில். இருக்க இடம் போதாமல் அக்கா தன் வீட்டுக் கதிரைகள் இரண்டைக் கொண்டுவந்து போட்டார். ஒருவர் சூடை மீன் கொண்டுவந்தார். நான் தனியே இருக்கும் இந்த வீட்டில் இவ்வளவு கதை பேச்சுக் கேட்டு எத்தனை வருடம்!

மறுநாள் கந்தோரில் கப்பலின் கடதாசிகளைப் பார்த்தேன். உலகச் சந்தையில் விலை ஏறியதால், நடுக்கடலிலேயே சீனியை வேறு நாட்டுக்கு விற்றுவிட்டார்கள். இங்கே எஞ்சின் திருத்தத்தான் கப்பல் நின்றது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் மூன்று பின்னேரம் சனம் வந்தது. "நாளைக்கு இறக்குவாங்கள்" என்று நானே சொன்னேன்.

இன்று அக்கா மட்டும் வந்தார். தீபாவளிப் பலகாரத்துக்கு மா இடித்து வைத்திருக்கிறார். என் பேச்சை நம்பி, சீனிக்குப் பதிலாகக் கடையில் கிடந்த சர்க்கரைக்கட்டியையும் வாங்காமல் விட்டவர். இப்போது அதுவும் முடிந்துவிட்டதாம்.

"தம்பி, உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"இல்லை அக்கா."

அவர் தன் கதிரைகள் இரண்டையும் எடுத்தார். ஒன்றை நான் தூக்கிவர எழும்பினேன்.

"வேண்டாம் தம்பி, எனக்கு ஏலும்."