நான்காவது ஹர்லி

1922 ஜனவரி 8
இங்கிலாந்தோடு போட்ட உடன்படிக்கை டப்ளினில் நிறைவேறிவிட்டதாம். அண்ணன் கான் பூசை முடிந்து வந்து சந்தோஷத்தில் குதித்தான். தம்பி டென்னி தேநீரை அவன் முகத்தில் வீசினான். "அந்த இங்கிலாந்து ராசாவுக்கு விசுவாசமா இருப்போம்னு சத்தியம் பண்ணவா அண்ணே இத்தனை பேரு செத்தாங்க?" நானாக இருந்தால் கெண்டியையே வீசியிருப்பேன்.

ஆகஸ்ட் 20
கான் புது அரசின் பச்சைப் பட்டாள உடுப்பில் தெருவில் போகிறான். காறித் துப்பினேன். டென்னி அந்த அரசை எதிர்த்து, துப்பாக்கியோடு மலையில்.

நவம்பர் 21
அப்பா போய்விட்டார்.
டிம் சித்தப்பாவுக்கு ஒரே கவலைதான். "ஹர்லி குடும்பத்தானோட சவப்பெட்டியை நாலு ஹர்லிதான் முதல்ல தூக்கணும். நானு, என் மகன் ஜெரி, கான். நாலாவதுக்கு அடுத்த வீட்டுக்காரன்கிட்ட போய் நிக்கவா?"
"டென்னி வந்தா பிடிச்சிருவாங்க, சித்தப்பா."
"அடக்கத்தன்னிக்கு ஒரு சிப்பாயும் வரமாட்டான். கான் வாக்குக் குடுத்திருக்கான்."
கானின் வாக்கு! ஆள் அனுப்பிவிட்டார்கள். டென்னி, வராதேடா.

நவம்பர் 23
வந்துவிட்டான், முட்டாள்.
முன்னால் கானும் டென்னியும். பெட்டி தோளில் ஏறினால் பக்கத்து ஆளின் தோளை அணைத்துப் பிடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சரியும். பிடித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
கல்லறை வாசலில் சிப்பாய்கள். "எனக்கு வாக்குக் குடுத்தீங்களே!" என்று கான் கத்தினான். அதிகாரி சிரித்தான். பெட்டியைப் போட்டுவிட்டு டென்னி ஓடியிருக்கலாம். போடவில்லையே, பாவி! அப்பாவை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு நின்றான். கோட்டுக்குள் கைத்துப்பாக்கி இருந்தது. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

டிசம்பர் 9
துப்பாக்கி வைத்திருந்தால் மரணம். அதுதான் இப்போது சட்டமாம். யார் போட்ட சட்டம்? நம்ம ஆளுங்க.

டிசம்பர் 16
சுட்டுட்டாங்க. உடலைக் கூடத் தரமாட்டாங்களாம்.
கான் உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலில் நிற்கிறான். "நான் காட்டிக் குடுக்கல, ஜூலியா." நம்புகிறேன். நம்பி என்ன செய்ய? கதவைத் திறக்கவில்லை.

டிசம்பர் 19
டென்னிக்குப் பூசை. பீடத்தின் முன்னால் பெட்டி இல்லை. முடிந்ததும் ஊரே வரிசையாக வந்து என் கையைப் பிடித்தது. வரிசையில் கானும் நின்றிருந்தான், குடும்பத்து இருக்கையில் உட்காராமல். முறை வந்ததும் கை நீட்டி, ஊரார் எல்லாரும் சொல்வதையே சொன்னான்: "உங்க துக்கத்துக்கு வருத்தப்படுறேன்."
"வந்ததுக்கு நன்றிங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்குக் கை கொடுத்தேன்.